அப்பாவைப் பற்றிய நினைவுப் புத்தகம்: அச்சுக்கு முழு மதிப்பெண், கேள்விகளுக்குப் பூஜ்யம்

வாரம் ஒரு கேள்வி மின்னஞ்சலில் வரும். வீட்டுப் பெரியவர் அதற்குப் பேசியோ எழுதியோ பதில் சொல்ல வேண்டும். வருடக் கடைசியில் எல்லாப் பதில்களையும் படங்களோடு சேர்த்துக் கெட்டி அட்டை போட்ட புத்தகமாக அடித்து வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். இந்த மாதிரிச் சேவைகள் இப்போது நிறைய வந்துவிட்டன, அதில் ஒன்றை அப்பாவுக்காக எடுத்தோம். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் முக்கால்வாசி இந்த யோசனையிலேயே இருக்கும் குறைகள், ஒருவரை மட்டும் நிறுத்திவைத்துத் திட்டுவதில் பயனில்லை. புத்தகம் கைக்கு வந்துவிட்டது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அதில் அவர்களுடைய பங்கு தாளும் மையும்தான், மற்றதெல்லாம் அவர்கள் போட்டுக்கொடுத்த பாதையை விட்டு நாங்கள் விலகியதால் வந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சேவையின் குறை புரியாது. அப்பா பிறந்து வளர்ந்ததெல்லாம் மாடு கட்டி விவசாயம் பார்த்த தோட்டத்தில். வீட்டுக்கு மூத்த பிள்ளை. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஒரு வேலை, வந்த பிறகு ஒரு வேலை என்று வளர்ந்தவர். பிறகு சம்பள வேலை கிடைத்து வெளியே வந்தார், கல்யாணம், நாங்கள் மூன்று பேர், வாடகை வீடு, சொந்த வீடு என்று வாழ்க்கை வேறு பக்கம் போய்விட்டது, ஆனால் உடம்பு மட்டும் தோட்டத்திலேயே இருந்தது. மாடு இல்லாத வீட்டிலும் விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுவார். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் கிடக்கும் எல்லாருடைய செருப்பையும் ஜோடி சேர்த்து வைப்பார். எங்களைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாலும், வண்டியிலிருந்து இறங்கியதும் கன்றுக்குட்டிகளை எண்ணுவது போல ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவார். எனக்கு மீசை முளைத்த பிறகும் எண்ணினார். பாசம் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை, அதற்குப் பதிலாக சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று கேட்பார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் அந்தச் சேவை கேட்ட முதல் கேள்வி, “உங்களை மூன்று சொற்களில் விவரியுங்கள்.” அடுத்தது, “சிறுவயதில் உங்கள் கனவு என்ன?” அப்புறம், “இளைய வயது உங்களுக்கு இப்போதைய நீங்கள் என்ன அறிவுரை சொல்வீர்கள்?” தங்கை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நல்லா இருந்தோம்னு எழுதிக்கோ.” தன்னைத் தனியாக எடுத்துவைத்துப் பேசும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்விகள் பொருந்தலாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘நான்’ என்பது வாக்கியத்தில் கடைசியாகத்தான் வரும். மழை வந்தது, கிணறு நிறைந்தது, மாடு சுணங்கியது, அப்புறம் வேண்டுமானால் ‘நான்’.

தங்கை எரிச்சலில் திரையை மூடிவிட்டு, “சரி அப்பா, கிணறு வத்திப்போன வருஷம் மாட்டுக்கு எங்க போய்த் தண்ணி காட்டுனீங்க?” என்று கேட்டாள். அவ்வளவுதான். நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த வழியாக ஓட்டிப் போனார்கள், வழியில் எந்தக் காட்டுக்காரர் தண்ணீர் விடுவார், யார் விடமாட்டார், தண்ணீரைப் பார்த்ததும் எந்த மாடு முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் போகும், எல்லாம் வந்தது. அந்த வருஷம்தான் ஏர் மாட்டில் ஒன்றை விற்க வேண்டி வந்திருக்கிறது, அது எங்களில் யாருக்கும் தெரியாது. ஏரில் இடப்பக்கம் கட்டிப் பழகிய மாடு வலப்பக்கத்துக்கு லேசில் ஒத்துவராது, அதனால் ஒன்றை விற்றால் மிச்சமிருப்பதற்குச் சரியான ஜோடி தேடுவது பெரிய பாடு. அதை வாங்கினவர் வீடு வரை ஓட்டிக்கொண்டு போய் விட்டுவரச் சொல்லி இவரைத்தான் அனுப்பியிருக்கிறார்கள், சின்னப் பையனாக. “வர்ற வழியெல்லாம் கயிறு மட்டும் கையில இருந்துச்சு” என்றார். சேவையின் கேள்விகள் அத்தனைக்கும் சேர்த்து வந்த பதில்களைவிட அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் அப்பா அதிகம் இருக்கிறார்.

அதனால் அவர்கள் கேள்விப் பட்டியலை ஓரம் வையுங்கள். கேள்வியை நாமே எழுதிக்கொள்ளும் வசதி இந்தச் சேவையில் உண்டு, ஆனால் அமைப்புகளுக்குள் எங்கோ மூலையில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். பொருளைப் பற்றிக் கேளுங்கள், வேலையைப் பற்றிக் கேளுங்கள், ஒரு குறிப்பிட்ட வருஷத்தைப் பற்றிக் கேளுங்கள். மண்வெட்டிக்குக் காம்பு யார் போடுவார்கள், கன்று ஈனும் இரவில் யார் விழித்திருப்பார்கள், உங்களை நம்பித் தனியாக விட்ட முதல் வேலை எது, எந்தச் சத்தம் கேட்டால் எல்லாரும் போட்டது போட்டபடி ஓடுவீர்கள், இந்த மாதிரி. முடிந்தால் பழைய அரிவாளோ கயிறோ ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். வாய் பேசத் தொடங்குவதற்கு முன்னால் கை பேசத் தொடங்கிவிடும். அதைக் காணொளியாக எடுத்தால் இன்னும் நல்லது.

கேள்விக்கு இன்னொரு நல்ல இடம் ஸ்டோரிகார்ப்ஸ். 2003-இல் டேவ் ஐசே என்ற வானொலிக்காரர் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை வைத்துத் தொடங்கியது. ஒருவரையொருவர் நன்கு தெரிந்த இரண்டு பேர் 40 நிமிடம் உட்கார்ந்து பேசுவார்கள், அந்தப் பதிவுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் வழக்காற்று மையத்தில் சேர்கின்றன. அவர்களுடைய கேள்விகளும் பொதுவானவைதான், ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பது தெரிந்த ஆள் என்பதால் கேள்வி வளைந்துகொடுக்கும். மின்னஞ்சல் வளைந்துகொடுக்காது. இங்கேதான் வித்தியாசமே.

ஒலிப்பதிவைச் சேவையின் செயலியில் நேராகச் செய்யாதீர்கள். போனில் இருக்கும் சாதாரணப் பதிவுக் கருவியில் எடுத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள், மூலம் உங்களிடம் இருக்கும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, அவர் வாய்க்கு ஒரு முழம் தூரத்தில், மேசை மேல் நேராக வைக்காமல் மடித்த துணி மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். சேவையின் தானியங்கி எழுத்தாக்கம் செய்தி வாசிப்பவர் தமிழுக்கு ஏதோ தேறுகிறது, தோட்டத்துப் பேச்சுக்குத் தேறவே இல்லை. மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலை என்பது கமலாவாகி, எங்கள் தாத்தா யாரோ ஒரு கமலாவை வைத்துத் தண்ணீர் இறைத்தார் என்று வந்திருந்தது. அம்மா அன்று முழுவதும் சிரித்தார்.

அதைவிட மோசம் ‘மெருகேற்று’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் செயற்கை நுண்ணறிவு பதிலைத் திருத்தி எழுதித் தருகிறது. “மாடு நம்மளப் பாத்துக்கிட்டேதான் இருக்கும், நாமதான் அதப் பாக்க மாட்டோம்” என்று அப்பா சொன்னது, “விலங்குகளோடு எனக்கு ஆழமான பிணைப்பு இருந்தது” என்று மாறியது. இது யாருடைய அப்பாவும் சொல்லக்கூடிய வாக்கியம், அதனாலேயே எங்கள் அப்பா சொல்லாத வாக்கியம். சேவை இதைத் தானாகவே முடுக்கி வைத்திருக்கிறது, பதிவானதும் முதல் வேலையாக அணைத்துவிடுங்கள்.

புத்தகம் பாதியில் இருக்கும்போது அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகும் மின்னஞ்சல் அவர் பெயருக்கு வந்துகொண்டிருந்தது. “வணக்கம்! அடுத்த ஆண்டு நீங்கள் செய்ய விரும்பும் ஒரு விஷயம் என்ன?” இப்படி ஒன்று காரியங்கள் முடியாத வாரத்தில் வந்தது. உதவிக் குழுவுக்கு எழுதினோம், வருத்தம் தெரிவித்து மரியாதையாகப் பதில் போட்டார்கள், ஆனால் கேள்விகளை நிறுத்த வேண்டுமானால் திட்டத்தையே ரத்து செய்ய வேண்டும், ரத்து செய்தால் புத்தகம் கிடையாது என்றார்கள். வயதானவர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்வதையே தொழிலாக வைத்திருப்பவர்கள், அவர் நடுவில் இல்லாமல் போகக்கூடும் என்று யோசித்துப் பார்க்கவில்லை என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. கடைசியில் தம்பி மின்னஞ்சல் முகவரியைத் தன்னுடையதாக மாற்றி, வரும் கேள்விகளைத் தனி உறைக்குள் தள்ளிவிடும்படி செய்தான். முதல் நாளே பிள்ளைகளில் ஒருவர் முகவரியில் தொடங்கிவிட்டால் இந்தச் சங்கடம் வராது.

மிச்சப் பாதியை நாங்கள் எழுதினோம். அம்மா, சித்தப்பா, அத்தை, அவரோடு வேலை பார்த்தவர்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் கேட்டோம். சேவையில் ‘கதைசொல்லி’ ஒருவர்தான் இருக்க முடியும், அதனால் எல்லாருடைய பேச்சும் அப்பா பெயரில்தான் ஏறியது, தலைப்பில் பெயரைப் போட்டுச் சமாளித்தோம். இந்தப் பகுதிதான் புத்தகத்திலேயே உயிரோட்டமானது. யாரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஒரு ராத்திரி பெருமழையில் தொழுவத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது, கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிட்டது தான்தான் என்கிறார் சித்தப்பா. இல்லவே இல்லை, அண்ணன்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவிழ்த்தார், பக்கத்துக் காட்டுக்காரர் மாட்டையும் சேர்த்து அவிழ்த்தார், இவன் திண்ணையில் நின்று அழுதுகொண்டிருந்தான் என்கிறார் அத்தை. அப்பாவின் பழைய பதிவில் தேடிப்பார்த்தால், “யாரோ அவுத்துவிட்டாங்க, எல்லாம் பொழச்சுது” என்று மட்டும் இருக்கிறது. மூன்றையும் அப்படியே அடுத்தடுத்துப் போட்டோம். சேவையின் பிழைதிருத்தும் கருவி ‘முரண்பட்ட தகவல்’ என்று மஞ்சள் குறி போட்டது. போட்டுக்கொள்ளட்டும்.

எனக்குப் பிடித்த பக்கத்தில் எழுத்தே இல்லை. அப்பா எந்தப் பொட்டலத்தைக் கட்டினாலும், கொடி கட்டினாலும், பள்ளிக்கூடப் பைக்கு அறுந்த வார் கட்டினாலும் ஒரே முடிச்சுதான் போடுவார். கன்றுக்குட்டியைக் கட்டும் முடிச்சு. கன்று எவ்வளவு இழுத்தாலும் இறுகும், நாம் தனியாகத் தொங்கும் நுனியை ஒரே இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். அவசரத்தில் இருட்டில் அவிழ்க்க வேண்டி வரும் என்பதற்காக அப்படி. எங்கள் மூன்று பேருக்கும் அந்த முடிச்சு வரும், யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. தங்கை முடிச்சுப் போடும் கையைப் படிப்படியாகப் படமெடுத்து ஒரு முழுப் பக்கம் வைத்தோம். படத்தில் முகம் இல்லை என்று சேவை மூன்று தடவை எச்சரித்தது.

படங்களைப் பற்றி. வீட்டில் இருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் திடமாக இருந்தன, 1970-கள், 80-களின் வண்ணப் படங்கள்தான் சிவந்துபோயிருந்தன. அந்தக் கால வண்ணத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மங்கிவிடும், அதனால்தான் எல்லாரும் செங்கல் நிறத்தில் தெரிகிறார்கள். அலமாரிக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் இது நடக்கும். ஸ்கேன் செய்த பிறகு நிறத்தைச் சரிசெய்தால் வியக்கத்தக்க அளவு திரும்பி வருகிறது. பசைத் தாள் மேல் பிளாஸ்டிக் மூடிய பழைய ஆல்பங்களில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்துக்கொண்டு வாருங்கள். வராவிட்டால் ஆல்பத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

படத்தின் அளவிலேயே அச்சடிக்க 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும், இரண்டு மடங்கு பெரிதாக்க 600. நாலுக்கு ஆறு அங்குலப் படம் 600-இல் 2400-க்கு 3600 புள்ளிகளாக வரும், முழுப் பக்கத்துக்குத் தாராளம். கூட்டத்துக்கு நடுவில் அப்பா முகம் சின்னதாக இருந்த ஒரு படத்தை மட்டும் 1200-இல் எடுத்தோம், அதற்கு மேல் போவதில் பெரிய பயன் இல்லை, தாளில் இல்லாத விவரம் எங்கிருந்து வரும். மூலக் கோப்பைத் தரம் குறையாத டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, சேவைக்கு ஜேபெக் அனுப்புங்கள். தட்டை ஸ்கேனர் கைவசம் இல்லாதவர்களுக்கு கூகுளின் ஃபோட்டோஸ்கேன் செயலி உதவும். 2016-இல் வந்தது, படத்தின் மேல் நாலு புள்ளிகளைக் காட்டி ஒவ்வொன்றின் மேலும் போனை நகர்த்தச் சொல்லி, பல கோணங்களைச் சேர்த்து வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் இடங்களை நீக்கிவிடும். சித்தப்பா வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த படங்களைக் கழற்றாமல் அப்படித்தான் எடுத்தோம். படத்தின் பின்னால் பெயர் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் தடம் முன்பக்கம் தெரியும்.

பழைய படங்களை அசைய வைக்கும் வசதியும் சேவையில் இருந்தது, படத்தைக் கொடுத்தால் கண் சிமிட்டிச் சிரிக்கிறது. தம்பி மகன் ஆசைப்பட்டான், பார்த்தோம். அப்பா அப்படிச் சிரிக்க மாட்டார். எடுத்துவிட்டோம்.

தமிழ் எழுத்து விஷயத்தில் சேவை பரிதாபம். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், மாதிரி பிடிஎஃப் வந்ததும் பார்த்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். கணினிகள் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ‘கெ’ என்பதற்குக் ககரம்தான் முதலில் சேமிக்கப்படும், கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது எழுத்தமைக்கும் மென்பொருளின் வேலை. அச்சுக்குப் போகும் மென்பொருளுக்கு அது தெரியாவிட்டால் புள்ளி வட்டத்தோடு கொம்பு தனியே தொங்கும். 1991-இல் வந்த முதல் யூனிகோடிலேயே தமிழ் இருக்கிறது, இன்னும் இந்த நிலைமை. அத்தை மகன் அனுப்பியது பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேறு, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை, முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நாங்கள் கண்ட வழி, பக்கங்களை லிப்ரெஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் நாமே அமைத்து, பிடிஎஃப் ஆக்கி, அதை முழுப் பக்கப் படமாக ஏற்றுவது. எல்லாப் பக்கத்துக்கும் ஓரத்தில் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதல் விட மறக்காதீர்கள். வேலை அதிகம்தான், ஆனால் ஒரு கொம்புகூட இடம் மாறவில்லை. தாத்தா பெயரில் கொம்பு பறந்துபோன புத்தகத்தைச் சித்தப்பாவிடம் நீட்டும் தைரியம் எனக்கில்லை.

அச்சு, கட்டுமானம் இரண்டுக்கும் குறையே சொல்ல முடியாது. வெறும் பசை வைத்து ஒட்டாமல் நூல் போட்டுத் தைத்த புத்தகம், நடுவில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாமல் படுக்கிறது. தாள் அமிலமில்லாதது, நீடித்திருக்கும் தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 தரம் என்று விவரக் குறிப்பில் போட்டிருக்கிறார்கள். பளபளப்புத் தாளா மங்கல் தாளா என்று கேட்பார்கள், மங்கலைத் தேர்ந்தெடுங்கள், பத்துப் பேர் கை மாறும் புத்தகத்தில் பளபளப்பு முழுக்க விரல்ரேகை.

குரல் கேட்பதற்கு ஒவ்வொரு அத்தியாயத்திலும் கியூஆர் கோடு அச்சடிக்கிறார்கள். போனைக் காட்டினால் அப்பா பேசுகிறார். வீட்டில் எல்லாரும் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். ஆனால் அந்தக் கோடு போய்ச் சேருவது நிறுவனத்தின் வழங்கியில் (சர்வரில்), அவர்கள் கடையை மூடினாலோ முகவரியை மாற்றினாலோ தாளில் வெறும் கட்டம்தான் மிஞ்சும். அதனால் ஒலிக்கோப்புகள் எல்லாவற்றையும் இறக்கி மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் தம்பி வீட்டில் என்று வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகளையும் போன் மாற்றுவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள், அவை ஓபஸ் வடிவில் இருக்கும், இயல்பான பெயர்கூட இருக்காது, தேதியை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். எங்களிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை “சேந்துட்டியா?” என்ற ஒரே கேள்விதான். அதையும் வைத்திருக்கிறோம். அப்புறம், அவருடைய கூகுள் கணக்கில் படங்கள் இருந்தால் சும்மா விட்டுவிடாதீர்கள், 2 வருடம் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. செயல்படாத கணக்குக்கான ஏற்பாடு என்று ஒரு வசதி உண்டு, கணக்கு வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே யாருக்குத் தரவு போக வேண்டும் என்று குறித்துவைக்கலாம்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், மூன்றும் அச்சுக்கூடத்துக்கு. அம்மாவுக்கும் ஒன்று எடுக்கப்போகிறோம், இதே சேவையில்தான், முகவரி என்னுடையது, கேள்விகள் தங்கையுடையவை. ஒரு எச்சரிக்கை மட்டும்: ‘அச்சுக்கு அனுப்பு’ என்று அழுத்தியதும் கோப்பைப் பூட்டிவிடுகிறார்கள், அதன் பிறகு ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது, மறுபிரதி கேட்டாலும் அதே கோப்புதான் அச்சாகும். எங்களுக்குப் புத்தகம் வந்த அன்றே சித்தப்பா போன் செய்து, மாட்டை அவிழ்த்தது நான்தான், அந்தப் பக்கத்தைத் திருத்து என்றார். முடியாது சித்தப்பா, பூட்டிவிட்டார்கள் என்றேன். அவருடைய பிரதியில் மட்டும் அவரே பேனாவால் திருத்திவைத்திருப்பதாகக் கேள்வி.